மாநகராட்சி பட்ஜெட்டில் நம் தெருவுக்கு இடம் பிடிப்பது எப்படி? டர்பன் குடியிருப்போர் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் சங்கத்தின் முதல் ஆவணம் ஒரு பள்ளிக்கூட நோட்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் தெரு சரிவில் இறங்கி முடியும் இடத்தில் ஒரு மழைநீர் வடிகால் வாய் இருக்கிறது. அக்டோபர் பிறந்து மழை வலுத்தால், விழுங்க வேண்டிய தண்ணீரை அது வெளியே தள்ளும். கடைசி வீட்டு ஆயா வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத்தான் படுக்கப் போவார். ஒவ்வொரு முறையும் போன் செய்து புகார் சொல்வோம். அவர்கள் தரும் ரெஃபரன்ஸ் எண்ணை நோட்டில் குறித்து வைப்போம். இரண்டு மழைக்காலத்தில் 19 எண்கள் சேர்ந்தன. சொன்ன ஒவ்வொரு முறையும் ஆட்கள் வந்தார்கள், மண்ணை வாரினார்கள். அடுத்த பெருமழைக்கு ஆயா வீட்டுக்குள் மறுபடியும் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

கணக்கு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, கூப்பிட்டா ஆள் வந்து வாருறாங்க இல்ல? அப்போ இது அடைப்பு இல்ல, குழாயே சின்னது. குழாயை மாத்துற பணம் புகார் எடுக்கிறவங்க கையில கிடையாது. அது பட்ஜெட்ல இருக்கு. பட்ஜெட்டுக்கு நீங்க எப்ப எழுதினீங்க?"

நாங்கள் எழுதியதே இல்லை. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை எல்லாம் வரிசையாக இங்கே எழுதுகிறேன். டர்பனை, அதாவது ஈதெக்வினி மாநகராட்சியை மனதில் வைத்துதான் எழுதுகிறேன். ஆனால் சட்டமும் நாட்காட்டியும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்தாலும் ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் இருந்தாலும் பொருந்தும்.

முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். நகராட்சியிடம் கேட்பதைத் தயவு கேட்பதாக நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் நிறைய. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. 1924ஆம் ஆண்டின் நேட்டால் பரோ சட்டம் இந்தியர்களின் நகராட்சி வாக்குரிமையைப் பறித்தது. டர்பன் நகராட்சியின் தெருவைக் கூட்டியும் குப்பையை அள்ளியும் பிழைத்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1960களில், யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் காலத்தில், அங்கிருந்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டன. நகரத்தைச் சுத்தமாக வைத்த கைகளுக்கு அந்த நகரத்தின் பணத்தைப் பற்றிப் பேச வாய் இல்லை. 1980இல் உருவான டர்பன் வீட்டுவசதி நடவடிக்கைக் குழு, வாடகை உயர்வை எதிர்த்துப் பல பேட்டைகளின் குடியிருப்போரை ஒன்று சேர்த்தது. இன்று பட்ஜெட் கூட்டத்தில் நமக்குப் போடும் நாற்காலி இப்படி வந்ததுதான். அதைக் காலியாக விடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

1. சங்கத்தைச் சங்கமாக்குங்கள்

வாட்ஸ்அப் குழு சங்கம் ஆகாது. குறைந்தது மூன்று பேர் சேர்ந்து, நோக்கம், உறுப்பினர் யார், நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை யார் கையாள்வது என்று இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு விதிமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சட்டத்தின் பார்வையில் அது ஒரு தன்னார்வச் சங்கம். 1997ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டாயமில்லை, ஆனால் வங்கிக் கணக்குத் திறக்கவும் நன்கொடை வாங்கவும் உதவும்.

கோயில் கமிட்டியையே குடியிருப்போர் சங்கமாக வைத்துக்கொள்ளலாமே என்று எங்கள் பக்கம் கேட்டார்கள். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். ஒரு வார்டில் நம் தெருவும் இருக்கும், அடுத்த மேட்டில் தகரக் குடிசைகளும் இருக்கும், சுலு பேசும் குடும்பங்கள் நிறைந்த பகுதியும் இருக்கும். சாட்ஸ்வர்த்தின் கிராஸ்மோரில், பேவியூவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மேட்டிலிருந்து இறங்கும் அதே தண்ணீர்தான் நம் வடிகாலுக்கும் வருகிறது. எங்கள் இரண்டாவது மனுவில் குடிசைப் பகுதிக் குழுவும் சேர்ந்து கையெழுத்திட்டது. அந்தக் குழுவின் தலைவியம்மா கூட்டத்தில் சுலுவில் எழுந்து பேசியபோது அறையே திரும்பிப் பார்த்தது. வாடகைக்கு இருப்பவர், பிளாட்டில் இருப்பவர், கொழும்பிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து கடை வைத்திருப்பவர், எல்லோரையும் சேருங்கள்.

கட்சிக்காரர்கள் உறுப்பினராக இருக்கட்டும். தேர்தலில் நிற்பவர் மட்டும் நிர்வாகப் பொறுப்பை விட்டு விலக வேண்டும் என்று விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதுங்கள். யார் வந்தார், என்ன முடிவு, எத்தனை பேர் ஆதரவு என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பிறகு ஒரு அதிகாரி "இது உங்கள் சொந்தக் கருத்தா, தெருவின் கருத்தா?" என்று கேட்டால் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.

2. எந்த வாசலைத் தட்டுவது?

மாநகராட்சியிடம் கேட்கக்கூடியவை அரசமைப்புச் சட்டத்தின் 4, 5ஆம் அட்டவணைகளின் இரண்டாம் பகுதிகளில் இருக்கின்றன. மழைநீர் வடிகால், குடிநீர், கழிவுநீர், நகராட்சிச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, உள்ளூர் விளையாட்டுத் திடல், சுடுகாடு, தகனக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். அரசுப் பள்ளிக்கூடம் மாகாணத்தின் பொறுப்பு. ஆர்.கே. கான் மருத்துவமனையும் மாகாணத்தைச் சேர்ந்தது. காவல் நிலையம் தேசிய அரசினுடையது. ஒரே மனுவில் இவை அத்தனையையும் கொட்டினால் மாநகராட்சி அதிகாரி "இது எங்களுடையது இல்லை" என்று பாதியைத் தள்ளுவார். மீதிப் பாதியும் அதோடு போய்விடும்.

வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 தேர்தலில் ஈதெக்வினியில் 111 வார்டுகள், 222 கவுன்சிலர்கள். பாதிப்பேர் வார்டில் நேரடியாக ஜெயித்தவர்கள், மீதிப்பேர் கட்சிப் பட்டியலிலிருந்து வந்தவர்கள். வார்டு கவுன்சிலரின் கையில் தனிப் பணப்பை எதுவும் இல்லை. வார்டின் கோரிக்கையைச் சபைக்குக் கொண்டு போவதும் அங்கே வாக்களிப்பதும் அவர் வேலை. வார்டு கமிட்டி என்று ஒன்றும் உண்டு. கவுன்சிலர் தலைவர், அவர் தவிர அதிகபட்சம் பத்துப் பேர். உங்கள் சங்கத்திலிருந்து ஒருவராவது அந்தப் பத்துக்குள் இருக்கப் பாருங்கள். அது முடியாவிட்டால், அந்தக் கமிட்டியின் கூட்டத் தேதிகளையாவது கேட்டு வாங்குங்கள்.

3. நாட்காட்டி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நாங்கள் முதல் வருடம் தோற்றது இங்கேதான். அழகாக எழுதி, 64 கையெழுத்து வாங்கி, ஜூன் முதல் வாரம் கொண்டு போய்க் கொடுத்தோம். பட்ஜெட் மே மாதமே நிறைவேறியிருந்தது.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் ஒவ்வொரு படிக்கும் கெடு வைத்திருக்கிறது. அந்த நிதியாண்டு தொடங்குவதற்குப் பத்து மாதம் முன்பே, அதாவது ஆகஸ்ட் முடிவதற்குள், பட்ஜெட் தயாரிக்கும் கால அட்டவணையை மேயர் சபையில் வைக்க வேண்டும். செப்டம்பரில் அந்த அட்டவணையை வாங்கிச் சங்கத்தின் சுவரில் ஒட்டிவிடுங்கள். பொதுமக்கள் கூட்டம் எந்த மாதம் என்பது அதில் இருக்கும்.

செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைதான் துறைகள் தங்கள் திட்டப் பட்டியலைத் தயாரிக்கின்றன. இந்த மாதங்களில் யாரும் மேளம் அடித்து உங்களைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் உங்கள் வடிகால், பொறியாளரின் பட்டியலில் ஏறுவதற்குச் சரியான நேரம் இதுதான். மார்ச்சில் அச்சாகிவிட்ட வரைவில் புதிதாக ஒரு வரியைச் சேர்ப்பது கஷ்டம். நவம்பரில் ஒரு பொறியாளரை நேரில் கூட்டிவந்து வடிகாலைக் காட்டுவது அதைவிடப் பல மடங்கு எளிது. முன்னாலேயே எழுதி நேரம் கேளுங்கள். மழை பெய்த மறுநாள் அமைந்தால் இன்னும் நல்லது.

மார்ச் முடிவதற்குள், நிதியாண்டுக்கு 90 நாள் முன்னதாக, வரைவு பட்ஜெட் சபையில் வைக்கப்படும். உடனே அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது சட்டத்தின் 22ஆம் பிரிவு. அந்தக் கருத்துகளைச் சபை பரிசீலித்தே தீர வேண்டும், அவற்றுக்குப் பதில் சொல்லவும் தேவைப்பட்டால் வரைவைத் திருத்தவும் மேயருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது 23ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் மனுவில் குறிப்பிடுங்கள். மே முடிவதற்குள், 30 நாள் முன்னதாக, சபை பட்ஜெட்டை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கதவு அகலத் திறந்திருப்பது ஏப்ரலில், மிஞ்சினால் மே தொடக்கத்தில். அந்த நேரம் நமக்கு எப்படிப்பட்ட நேரம் என்று யோசித்துப் பாருங்கள். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளித் திருவிழா அதையொட்டியே வரும், ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. சங்கமே ஆளுக்கொரு பக்கம் இருக்கும். அதனால் மனுவை மார்ச் மாதமே எழுதி முடியுங்கள். வரைவு வெளியானதும் அதிலிருக்கும் எண்களை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். இன்னும் செய்யலாம்: பண்டிகைக்கு வரும் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கலாம். நாங்கள் கூழ் ஊற்றிய ஒரு நாளில் கோயில் வாசலில் மேசை போட்டு வாங்கினோம்.

4. ஆதாரம்: மழை நோட்டு

"எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது" என்ற வாக்கியம் நகரத்தின் ஒவ்வொரு வார்டிலிருந்தும் வரும். அதைப் படிப்பவருக்கு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. டர்பனின் மழைக்காலம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்பது நமக்கு ஒரு வசதி. மழைக்காலம் முழுவதும் எழுதிய நோட்டு, ஏப்ரல் மனுவுக்குச் சுடச்சுடக் கையில் இருக்கும்.

எங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் ஆறு கட்டமாகக் கோடு போட்டோம். தேதி, மழை தொடங்கிய நேரம், தண்ணீர் ஏறிய உயரம், எந்தெந்த வீட்டுக்குள் போனது, என்ன பாழானது, ரெஃபரன்ஸ் எண். உயரத்தைக் குறிக்க ஆயா வீட்டுச் சுற்றுச்சுவரில் அவருடைய பேரன் பெயின்டால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இழுத்தான். கறிவேப்பிலை மரத்தை ஒட்டி இருக்கிறது அந்தச் சுவர். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒரே இடத்தில் நின்று, அந்தக் கோடுகள் தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்தோம். மூன்றாவது கோடு வரை தண்ணீர் ஏறிய நான்கு போட்டோக்களை வரிசையாக வைத்தால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. வந்த பொறியாளர் போட்டோவைவிட அந்தச் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தார். குனிந்து கோட்டுக்குக் கோடு டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாஸுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். அதற்கப்புறம் வெள்ளம் பற்றிய மனுக்களுக்கு எடை கூடியிருக்கிறது, எண்ணிக்கையும் கூடியிருக்கிறது. அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன்.

5. வரைவு பட்ஜெட்டைப் படிப்பது

நூற்றுக்கணக்கான பக்கம். பார்த்ததும் மூடிவைக்கத் தோன்றும். முழுவதும் படிக்க வேண்டாம். மாநகராட்சி இணையதளத்தில் கிடைக்கும். மாநகராட்சி அலுவலகங்களிலும் நூலகங்களிலும் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தேசிய நிதித்துறை நடத்தும் முனிசிபல் மனி இணையதளத்தில் எல்லா நகராட்சிகளின் வரவு செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பணம் இரண்டு பை. செயல்பாட்டுப் பையில் சம்பளம், மொத்தமாக வாங்கும் மின்சாரம், தண்ணீர், பழுதுபார்ப்பு. மூலதனப் பையில் புதுக் குழாய், புதுச் சாலை, புதுக் கட்டடம். வடிகாலைத் தூர்வாருவது முதல் பை, குழாயைப் பெரிதாக்குவது இரண்டாவது பை. எங்கள் 19 புகாரும் முதல் பைக்குப் போய் அங்கேயே தீர்ந்துபோனது இதனால்தான். நீங்கள் கேட்பது எந்தப் பையில் வருகிறது என்று முதலில் தீர்மானியுங்கள்.

அடுத்து நேராக எஸ்ஏ36 (SA36) என்ற அட்டவணைக்குப் போங்கள். மூலதனத் திட்டங்கள் ஒவ்வொன்றாக, எந்தப் பகுதி அல்லது வார்டு என்ற குறிப்போடு அதில் வரும். கணினியில் உங்கள் வார்டு எண்ணைத் தேடுங்கள், பிறகு பேட்டையின் பெயரைத் தேடுங்கள். தொகை ஆயிரம் ராண்டில் இருக்கும். 2 400 என்று கண்டால் அது 24 லட்சம் ராண்ட். முதல் முறை படித்தபோது எங்கள் பொருளாளர் இதைக் கவனிக்காமல் "வெறும் இரண்டாயிரத்து நானூறா!" என்று கொதித்தெழுந்தார். அந்தக் கொதிப்போடு கூட்டத்தில் பேசியிருந்தால் எங்கள் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும்.

பட்ஜெட் எப்போதும் மூன்று வருடத்துக்குப் போடப்படுகிறது. முக்கிய அட்டவணைகளில் இடப்பக்கம் கழிந்த மூன்று வருடங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, நடுவில் நடப்பு வருடம், வலப்பக்கம் வரும் மூன்று வருடங்கள். போன பட்ஜெட்டில் ஒதுக்கியதையும் தணிக்கையில் உண்மையாகச் செலவானதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் வருடா வருடம் மிஞ்சுகிறது என்றால், "இன்னும் பணம் ஒதுக்குங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. "ஒதுக்கியது ஏன் செலவாகவில்லை?" என்பதுதான் கேள்வி.

பராமரிப்புக்கும் ஒரு அளவுகோல் உண்டு. சொத்துகளின் கணக்கு மதிப்பில் 8 சதவீதத்தைப் பழுதுபார்க்கச் செலவிட வேண்டும் என்பது தேசிய நிதித்துறையின் வழிகாட்டு நெறி. ஏ9 அட்டவணையில் உங்கள் நகராட்சியின் சதவீதம் இருக்கும். அது எட்டுக்குக் கீழே எவ்வளவு என்பதை மனுவில் ஒரு வரியில் எழுதினால் போதும்.

ஐந்தாண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தையும் பாருங்கள். எல்லோரும் ஐ.டி.பி. என்பார்கள். பட்ஜெட் அதோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் கோரிக்கை அதில் எங்கேயாவது ஒட்டுமானால் பக்க எண்ணைக் காட்டுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு புதிய சபையும் தனக்கென்று ஒரு ஐ.டி.பி.யை ஏற்க வேண்டும். அந்த ஒரு வருடம் மட்டும் சங்கம் இரண்டு மடங்கு வேலை செய்தாலும் தகும்.

6. மனு

ஒரு பக்கம். இணைப்புகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், மனு ஒரு பக்கம்தான். எங்களுடையதின் சாரம் இது:

"நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 22, 23ஆம் பிரிவுகளின்படி வரைவு பட்ஜெட் குறித்து இந்தக் கருத்தைச் சமர்ப்பிக்கிறோம். எங்கள் தெருவின் அடியில் உள்ள வடிகால், கடந்த இரண்டு மழைக்காலங்களில் நிரம்பி வழிந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது (நாள்வாரிப் பதிவும் படங்களும் இணைப்பில்). 19 முறை தூர்வாரியும் தீரவில்லை; எனவே இது குழாயின் கொள்ளளவுப் பிரச்சினை என்று கருதுகிறோம். வரைவின் எஸ்ஏ36 அட்டவணையில் இந்தப் பகுதிக்கு வடிகால் திட்டம் எதுவும் இல்லை. வரும் ஆண்டில் ஆய்வுக்கும் வரைபடத்துக்கும், அதற்கடுத்த ஆண்டில் கட்டுமானத்துக்கும் நிதி ஒதுக்கக் கோருகிறோம். எங்கள் கருத்தின் மீது எடுத்த முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது "வரும் ஆண்டில் ஆய்வுக்கும் வரைபடத்துக்கும்" என்ற வரி. வரைபடம் இல்லாத திட்டத்துக்கு யாரும் கட்டுமானப் பணம் போட மாட்டார்கள். ஆய்வுப் பணம் சிறிய தொகை, சம்மதம் வாங்குவது எளிது. அது கிடைத்துவிட்டால் திட்டத்துக்கு ஒரு பெயரும் எண்ணும் வந்துவிடும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை, அதிகம் போனால் இரண்டு. பதினைந்து கேட்டால் எது முக்கியம் என்பதை நீங்கள் அதிகாரியிடம் விட்டுவிடுகிறீர்கள்.

மனு ஆங்கிலத்திலோ சுலுவிலோ இருக்கட்டும். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் போற்றவேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அது ஆட்சிமொழி இல்லை. எழுதத் தெரியாத பெரியவர்களை இதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தில் கருத்துக் கேட்கும்போது, எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் நேரில் வந்தால் ஊழியர் ஒருவர் அவர் சொல்வதைக் கேட்டு எழுதித் தருவார் என்று அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம். எங்கள் ஆயாவை அழைத்துப் போனோம். ஆயா தமிழில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, அங்கே ஒருவர் எழுதினார். வாசித்துக் காட்டியதும் ஆயா, "மணல் மூட்டைய நானே தூக்குறேன்னு சேர்த்தாச்சா?" என்று கேட்டு, அதையும் சேர்த்த பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு பிரதியை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. பட்ஜெட் கூட்டம்

பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ஒருவர் பேசட்டும், பத்துப் பேர் உடன் இருக்கட்டும். வார்டு எண், சங்கத்தின் பெயர், ஒரு கோரிக்கை, ஒரு போட்டோ, மனு கொடுத்த தேதி. அவ்வளவுதான். குறிப்பெடுப்பவர் யார் என்று பார்த்து, கூட்டம் முடிந்ததும் போய் உங்கள் கருத்து எழுதப்பட்டதா என்று கேளுங்கள்; தாளின் ஒரு பிரதியையும் அவர் கையில் கொடுங்கள்.

மாநகராட்சிச் சபைக் கூட்டத்துக்கும் போகலாம். பட்ஜெட்டையும் ஐ.டி.பி.யையும் விவாதிக்கும்போதோ வாக்கெடுக்கும்போதோ பொதுமக்களை வெளியேற்றக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது.

8. ஜூலைக்குப் பிறகு

பெரும்பாலான சங்கங்கள் மே மாதத்தோடு கலைந்துவிடுகின்றன. எங்கள் பெரியவர் சொன்னார்: "பட்ஜெட்ல பேர் வந்தா பத்திரிகை அடிச்ச மாதிரி. கல்யாணம் இன்னும் நடக்கல."

பட்ஜெட் நிறைவேறி 28 நாளுக்குள் சேவை வழங்கல் மற்றும் பட்ஜெட் செயலாக்கத் திட்டத்தை மேயர் ஒப்புதல் செய்ய வேண்டும். எந்த வேலை, எந்தக் காலாண்டில், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் திட்டத்துக்கான பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 30 நாளுக்குள் மேயர் சபைக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை உங்கள் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஜனவரி 25க்குள் அரையாண்டு மதிப்பீடு, பிப்ரவரி முடிவதற்குள் திருத்த பட்ஜெட். மெதுவாக நகரும் திட்டங்களின் பணத்தை எடுத்து வேகமாகப் போகும் திட்டங்களுக்கு மாற்றுவது இந்தத் திருத்தத்தில்தான். டிசம்பர் வரை உங்கள் திட்டத்தில் ஒரு ராண்டும் செலவாகவில்லை என்றால் ஜனவரி முதல் வாரமே எழுதுங்கள். பல ஆண்டுத் திட்டங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றபடி ஜூன் 30க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகும்.

ஜனவரி முடிவதற்குள் போன வருடத்தின் ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கையோடு, சபைக்கு வரும். அதை விவாதிக்கும் கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்தது.

9. பதில் வராவிட்டால்

2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணம் கேட்டு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்போது உள்முறையீடு, அதற்கப்புறம் தகவல் ஒழுங்குமுறை ஆணையம். "வடிகாலைப் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள். "இந்தத் தெரு வடிகால் குறித்த கொள்ளளவு ஆய்வறிக்கை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை" என்று கேளுங்கள்.

கோபத்தில் வீட்டு வரியையும் தண்ணீர் பில்லையும் கட்டாமல் நிறுத்திவிடலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் எழுந்து சொல்வார். 1980களில் வாடகை கட்டாமல் நின்றவர்களின் பிள்ளைகள் நாம், அந்த நினைவு ரத்தத்தில் இருக்கிறது, புரிகிறது. ஆனால் இன்று கட்டாமல் விட்டால் மின்சாரம் துண்டிக்கப்படுவது தனித்தனி வீட்டுக்கு, அதுவும் பெரும்பாலும் ஏழை வீட்டுக்கு. பில்லில் தவறு இருந்தால் எந்தத் தொகையை, ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் குறிப்பிட்டு, மற்றதைக் கட்டிவிடுங்கள். குறிப்பிட்டுத் தகராறு செய்த தொகைக்காக நடவடிக்கை எடுப்பதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

வீட்டு மதிப்பீட்டுப் பட்டியல் வெளியாகும் வருடத்தில் ஆட்சேபிக்கக் குறைந்தது 30 நாள் தருவார்கள். அதைத் தவற விடாதீர்கள். கூடுதல் வரி கட்டித் தங்கள் பகுதியைத் தாங்களே மேம்படுத்திக்கொள்ளும் சிறப்பு வரிப் பகுதி முறையைப் பற்றியும் கேட்கிறார்கள். கட்டவேண்டியவர்களில் பெரும்பான்மையினர் சம்மதித்தால் சபை அனுமதிக்கலாம். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் நிறைந்த நம் தெருக்களுக்கு அது சரிப்படும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் வடிகால் எங்கே நிற்கிறது என்று கேட்பீர்கள். இரண்டாவது மனுவுக்குப் பிறகு ஆய்வுக்கும் வரைபடத்துக்கும் பணம் வந்தது. தெருவில் மூன்று இடத்தில் அளவுக்கல் நட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கட்டுமானத் தொகை மூன்றாவது வருடக் கட்டத்தில் இருக்கிறது. மூன்றாவது வருடக் கட்டம் அடுத்த பட்ஜெட்டில் மறுபடியும் மூன்றாவது வருடத்துக்கே நழுவிப் போகலாம். அதனால் இந்த முறையும் மார்ச்சுக்குள் மனு தயாராக இருக்கும். பழைய நோட்டு தீர்ந்துவிட்டது. ஆயாவின் பேரன் புது நோட்டு வாங்கி, ஆறு கட்டமும் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறான்.